செவ்வாய் மாலை ஆறு பத்துச் செய்தி

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை
24 ஜூன் 2024

நாற்பது வருடத் தோழனும், முப்பத்தெட்டுக் கிழவர்கள் அடங்கிய வாட்ஸப் குழுவின் சக்கரவர்த்தியும், ஓய்வுபெற்ற கர்னலுமான அர்த்தனாரிக்கு, மேற்படி சாம்ராஜ்யத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஓய்வுபெற்ற மேஜர் காளியண்ணன் எழுதுவது.

நீ போனை எடுப்பதில்லை. இந்தப் பத்து நாளில் நானூறு தடவை அடித்துவிட்டேன். என் வீட்டுக்காரி பாவாயி, "ஆறு தடவதானுங்க" என்கிறாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள், எதையும் குறைத்துத்தான் சொல்வாள். ஆகவே தபால். இதையும் நீ எடுக்கவில்லை என்றால் அடுத்தது புறா.

என் வீட்டில் சிக்னல் கிடையாது என்பது ஐக்கிய நாடுகள் சபைக்கே தெரியும். மிளகுத் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி, தெற்கே பார்த்து, மூச்சைப் பிடித்து நின்றால் இரண்டு கோடு வரும். தும்மினால் ஒன்று போய்விடும். ஜூன் பன்னிரண்டு, புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு அப்படி நின்றேன். குழுவில் உன்னுடைய செய்தி ஒன்றே ஒன்று வந்து விழுந்தது.

"ஜோசப் புறப்பாடு. வியாழன் காலை 10 மணி. திருச்சி வீட்டிலிருந்து."

நீயே சொல். எழுபது கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்துகொண்டு, இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று பதினோரு வருடமாக என் வீட்டுக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவன் ஜோசப். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் போனில், "இந்த வாரம் கண்டிப்பா கிளம்பிடறேன்டா காளி" என்றான். அந்த வாரத்திலேயே, "ஜோசப் புறப்பாடு" என்று ஒரு கர்னல் எழுதினால், புத்தி உள்ள மனிதன் என்ன நினைப்பான்? எனக்கே புத்தி குறைவு. அதனால் எழுதினேன்:

"ஒருவழியாக் கிளம்பிட்டானா! பதினோரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன். நடு வழியில எறக்கி விட்டுராதீங்க. கோழி அடிச்சாச்சு."

கூடவே சிவப்புப் பாவாடை கட்டி ஆடுகிற பெண் படம் ஒன்று. அந்தப் படத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ எழுதியது அவனுடைய இறுதி ஊர்வலத்தைப் பற்றி என்று எனக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமையே அவன் போன செய்தியை நீ போட்டிருப்பாய். அதை இந்த மலை தின்றுவிட்டது. மலை செய்த குற்றத்துக்கு மலைக்காரனைத் தூக்கில் போடுவது எந்த ராணுவச் சட்டம்?

என்னைத் திரும்பக் குழுவில் சேர். அது போனால் போகிறது. முக்கியமானது வேறு. டிசம்பரில் நம்முடைய நாற்பதாவது வருடக் கூடுகை. போனவனைப் பற்றி அவனுடைய அறைத்தோழன் பத்து நிமிடம் பேசுவது நம் ராணுவ அகாடமி கோர்ஸின் வழக்கம். அகாடமியில் ஒன்பது மாதம் அவனுடைய சாக்ஸ் நாற்றத்தில் படுத்து எழுந்தவன் நான். அந்தப் பத்து நிமிடம் என்னுடையது. அதில் கை வைக்காதே.

காளி


சேலம்
3 ஜூலை 2024

அன்புள்ள காளியண்ணன்,

1. 24 ஜூன் தேதியிட்ட உன் கடிதம் கிடைத்தது. உன் போனை நான் எடுக்காதது வேண்டுமென்றேதான்.

2. செவ்வாய்க்கிழமை மாலை 6.10 செய்தி தெளிவாக அனுப்பப்பட்டது. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உனக்கு மட்டும் எப்போதும் ஏதாவது ஒன்று தடுக்கும். அகாடமியில் வரைபடப் பயிற்சியின்போது முப்பது பேரைக் குன்றுக்கு அழைத்துப் போக வேண்டியவன், கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போய்ப் பந்தியில் உட்கார வைத்தாய். அன்றைக்கும் வரைபடத்தைத்தான் குறை சொன்னாய்.

3. புதன்கிழமை காலை குழுவில் வந்த முதல் பதில் உன்னுடையது. ஆடுகிற பெண்ணோடு. அதைப் பார்த்தபோது நான் எங்கே, எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

4. குழுவிலிருந்து நீக்கியது என் முடிவு. அதில் மாற்றமில்லை.

5. டிசம்பர் 14, சேலத்தில் கூடுகை. ஜோசப்பைப் பற்றி யுவராஜ் பேசுவான். கணவனைப் பறிகொடுத்த ஜெனிபர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது உன்னை மேடையேற்ற என்னால் முடியாது.

6. ஜெனிபரைத் தொந்தரவு செய்யாதே.

அர்த்தனாரி


ஆலத்தூர் நாடு
12 ஜூலை 2024

மாண்புமிகு பத்தி எண் ஒன்று முதல் ஆறு வரை அவர்களுக்கு,

யுவராஜா? யுவராஜா! அகாடமியில் ஒன்பது மாதமும் ஜோசப்பை "ஜான்சன்" என்று கூப்பிட்டவன் அல்லவா அவன்? ஜோசப்பும் நல்ல மனசுக்காரன், திருத்தாமல் கடைசி வரை ஜான்சனாகவே பதில் சொன்னான். டிசம்பர் பதினான்காம் தேதி அந்த மேடையில் ஜான்சன் என்ற ஒரு அப்பாவிக்கு அஞ்சலி நடக்கப்போகிறது. உன் கடிதத்தைப் படித்து நான் போட்ட சத்தத்தில் வாசலூர்பட்டி ஏரியில் இரண்டு படகு கவிழ்ந்ததாகக் கேள்வி.

நீ எங்கே, எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியாதாம். நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா? கேள்.

புதன்கிழமை பாறையிலிருந்து இறங்கும்போது மழை. போன் நனைந்துவிட்டது. பாவாயி அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். வியாழக்கிழமை செம்மேடு பஸ் நிலையத்தில் நான் ஜோசப்பை வரவேற்க நின்றேன். தேவனூர் நாட்டிலிருந்து நாற்பது மேளம், வழியெல்லாம் தோரணம், யானை கிடைக்காததால் ஒரு எருமை.

சரி, மேளம் இல்லை. எருமை இருந்தது, ஆனால் அது வேறு வேலையாக வந்திருந்தது. நானும் பாவாயியும் ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பியும்தான்.

இரண்டரை மணி பஸ்ஸில் அவன் இல்லை. நாலு மணி பஸ்ஸில் இல்லை. ஆறு மணி பஸ்ஸின் கண்டக்டர் சென்றாயன் இறங்கி வந்தான்.

"ஏனுங்க மேஜர், மத்தியானத்துல இருந்து நிக்கறீங்களாமா. ஆரைங்க தேடறீங்க?"

"நெட்டையா ஒரு ஆளு சாமி. மூஞ்சியெல்லாம் வெளிறிப் போயி, வாந்தி எடுத்த மாதிரி இருப்பான்."

"என்ர பஸ்ஸுல எறங்கற எல்லாருமே அப்பிடித்தானுங்க இருக்கறாங்க."

நானும் சிரித்தேன். பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். அந்த நேரத்தில் நீங்கள் எல்லோரும் திருச்சியில் அவனை மண்ணுக்குள் இறக்கிவிட்டு, கை கழுவிவிட்டு, காப்பி குடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை அரிசியிலிருந்து போனை எடுத்துப் பாறைக்குப் போனேன். அறுபத்து நாலு திட்டு. அதில் இருபது இந்தியில். எதற்குத் திட்டு என்று ஒருவனும் எழுதவில்லை. கடைசியில், நீ என்னை நீக்கிவிட்டாய் என்ற அறிவிப்பு. என்ன நடந்தது என்று புரியாமல் யுவராஜைக் கூப்பிட்டேன். "பொதச்சாச்சுடா" என்றான். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது, அர்த்தனாரி. பாறைமேல், ஜான்சன் என்று சொல்கிற வாயிலிருந்து.

அன்றிலிருந்து திருச்சிக்குப் போக நாலு தடவை பையைக் கட்டிவிட்டேன். ஜெனிபர் முகத்தை நினைத்தால் வளைவு ஆரம்பிக்கும் முன்பே எனக்கு வாந்தி வருகிறது. நாலு தடவையும் பாவாயிதான் பையைப் பிரித்தாள்.

அந்தப் பத்து நிமிடத்தைக் கொடு. வேறு எதுவும் வேண்டாம்.

காளி


சேலம்
22 ஜூலை 2024

காளியண்ணன்,

1. வியாழக்கிழமை பற்றி நீ எழுதியதற்கு வருந்துகிறேன்.

2. முடிவில் மாற்றம் இல்லை. யுவராஜிடம் சரியான பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

3. கூடுகைக்கு நீ வரலாம். பின்வரிசையில் உட்கார்.

4. ஜெனிபருக்கு எதுவும் எழுதிவிடாதே. மறுபடியும் சொல்கிறேன், எழுதிவிடாதே.

5. இது தொடர்பாக இனிமேல் கடிதம் வேண்டாம்.

அர்த்தனாரி


ஆலத்தூர் நாடு
2 ஆகஸ்ட் 2024

அர்த்தனாரி,

உன் நாலாவது பத்தி இங்கே வந்து சேருவதற்கு ஐந்து நாள் முன்பே என் பதினோரு பக்கம் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தடை உத்தரவு போடுகிறவன் விரைவுத் தபாலில் போட வேண்டும்.

பதினோரு பக்கத்திலும் ஜெனிபரின் காலில் விழுந்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று தடவை. ஆடுகிற பெண்ணைப் பற்றி மட்டும் தனியாக இரண்டு பக்கம். பாவாயி படித்துவிட்டு, "இத்தனை தடவ விழுந்தா அந்தப் புள்ள எப்பிடீங்க எந்திரிச்சு நடக்கும்?" என்றாள்.

நேற்று பதில் வந்தது. உனக்காக ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன். நிதானமாகப் படி.

"அண்ணே, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்கன்னே எனக்கு முதல்ல புரியல. நான் அந்தக் குரூப்ல இல்லை. எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லவும் இல்லை. உங்க லெட்டரப் படிச்ச பிறகுதான் அவரு போனைத் திறந்து பார்த்தேன். நீங்க எழுதினதும் இருந்தது, அதுக்கு எல்லாரும் திட்டினதும் இருந்தது. ஆனா நீங்க சொல்ற மாதிரி மலையில சிக்னல் இல்லாம எந்தச் செய்தியும் தொலையலை அண்ணே. செவ்வாய்க்கிழமை அர்த்தனாரி அண்ணன் எதுவுமே போடலை. மேலே, கீழே எல்லாம் தேடிட்டேன். புதன்கிழமை காலையில போட்ட அந்தப் புறப்பாடு ஒண்ணுதான் இருக்கு. இவரு போன் திருச்சியிலதான இருந்துச்சு, இங்க நாலு கோடும் வருமே?"

கர்னல் அவர்களே, ஒன்றரை மாதமாக நான் இந்த மலையைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பாறையைத் திட்டினேன். மழையை, அரிசி டப்பாவை, செல்போன் கண்டுபிடித்தவனுடைய ஏழு தலைமுறையைத் திட்டினேன். இரவல் வாங்கிய குற்றத்தை என் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு விதவையிடம் பதினோரு பக்கம் அழுதிருக்கிறேன்.

செவ்வாய் மாலை ஆறு பத்துச் செய்தி எங்கே?

காளி


சேலம்
14 ஆகஸ்ட் 2024

காளி,

இதைப் பத்தி பிரித்து எழுத முயன்றேன். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் எதுவும் அனுப்பவில்லை. ஆறு பத்து என்பது அவனுடைய நேரம். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம். அதை எழுதத்தான் போனைக் கையில் எடுத்தேன். "ஜோசப்" என்று அடித்தேன். அடுத்த சொல்லை அடித்து அழித்தேன். மறுபடி அடித்து அழித்தேன். என் கட்டளையில் போய்த் திரும்பி வராத பையன்கள் பதினாலு பேரின் வீடுகளுக்கு நானே கைப்பட எழுதியவன் நான். ஒரு தடவைகூடக் கை நின்றதில்லை. அன்றைக்கு நின்றுவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். அவர்களிடமும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "டேய், நம்ம ஜோசப்பு..." என்பேன். அதற்குமேல் குரல் வராது. அதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. உன்னையும் மூன்று தடவை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண்குரல் சொன்னது. உனக்கு மட்டும் என் குரல் வந்து சேரவில்லை. குரல் இல்லாமல் வெறும் எழுத்து வந்தது. அதிலும் நான் எழுதியது "புறப்பாடு". வேறு சொல் எதற்கும் என் விரல் இணங்கவில்லை.

மறுநாள் காலை, சவப்பெட்டிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தபோது உன் பதில் வந்தது. படித்தவுடனே உனக்குத் தெரியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டுக்கொள், அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் எல்லோரும் உன்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களை நிறுத்த ஒரே வரி போதும்: "தப்பு என்னுடையது, நான் அவனுக்குச் சொல்லவில்லை." அந்த ஒரு வரியை எழுதுவதைவிட உன்னை நீக்குவது சுலபமாக இருந்தது. ஒரு பொத்தான்தான். பிறகு நீ மலையைக் குறை சொல்லி எழுதினாய். நானும் மலையின் பின்னாலேயே ஒளிந்துகொண்டேன். ஜெனிபருக்கு எழுதாதே என்று சொன்னதும் அதற்காகத்தான்.

அதிகாரியாக இருந்தவன் செய்கிற காரியமில்லை இது. குழுப் பொறுப்பிலிருந்தும் கூடுகைப் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன். பத்து நிமிடம் உன்னுடையது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அர்த்தனாரி


ஆலத்தூர் நாடு
21 ஆகஸ்ட் 2024

அடேய்,

ராஜினாமா ஏற்கப்படவில்லை. நீ போய்விட்டால் மேடை அமைக்க, மைக் பிடிக்க, சாப்பாட்டுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? யுவராஜா? கூடுகை ஜான்சன் வீட்டில் நடக்கும். ஒழுங்காக உட்கார்ந்து வேலையைப் பார்.

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் உன்னைத் திட்டினேன். சும்மா இல்லை, இந்தக் கொல்லிமலையில் இதுவரை யாரும் கேட்டிராத வார்த்தைகள். அகாடமியில் டிரில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் ஞாபகம் இருக்கிறதா, காலை மடக்காமல் நடந்தவனை ஒரே மூச்சில் அவன் பாட்டன் வரைக்கும் விசாரிப்பாரே, அவர் வெட்கப்பட்டிருப்பார். நாலாவது நாள் பாவாயி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "அவருக்குச் சொல்ல முடியல. உங்களுக்குக் கேக்க முடியல. ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க" என்றாள். எனக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. உன்மேல் இருக்கும் எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது நாற்பது வருடமாக இருப்பது, போகாது.

இரண்டு காரியம் செய்ய வேண்டும்.

குழுவில் உண்மையை எழுது. நீட்ட வேண்டாம். உனக்குப் பத்தி எண் போட்டால்தான் வரும் என்றால் போட்டுக்கொள்.

இன்னொன்று எனக்கு. நன்றாகக் கேள். முப்பத்தாறு பேருக்கு நீ சொன்னாய். பாதிக் குரலிலாவது சொன்னாய். எனக்கு இன்றுவரை நீ சொல்லவில்லை. யுவராஜ் சொன்னான், அது கணக்கில் வராது. அதனால் ஜோசப்பைப் பற்றி எனக்கு இன்னும் தகவல் வரவில்லை. தகவல் வராதவன் எப்படி மேடையில் ஏறிப் பேசுவது? இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பாறைக்குப் போனால், அவன் போன் வரும் என்று கை தானாகக் காது பக்கம் போகிறது.

எழுது. கைப்பட எழுது. புறப்பாடு, மறைவு, கர்த்தருக்குள் நித்திரை, இதெல்லாம் கூடாது. நேரான சொல். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன பேசினான், எல்லாம். எனக்குப் பயப்பட்டு எதையும் விடாதே.

காத்திருக்கிறேன்.

காளி


சேலம்
29 ஆகஸ்ட் 2024

காளி,

ஜோசப் செத்துப் போய்விட்டான்.

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்துக்குச் செத்தான். திருச்சியில், ஆஸ்பத்திரியில். மாரடைப்பு.

காலை பதினோரு மணிக்கு மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவன், நெஞ்சு அடைக்கிறது என்று தானாகவே இறங்கி வந்திருக்கிறான். ஜெனிபர் ஆட்டோ பிடித்து அழைத்துப் போய்விட்டு எனக்குப் போன் செய்தாள். நான் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பேசினான். கட்டில் நீளம் போதாமல் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அகாடமி கட்டிலே தேவலடா" என்றான். நர்ஸம்மா டீ குடிக்க விடவில்லை என்று கோபம்.

ஐந்து மணி இருக்கும், "காளிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லடா. சொல்றேன்."

"சொல்லாத. அந்தப் பைத்தியம் ஜீப்பை எடுத்துக்கிட்டு உருட்டிக்கிட்டே வந்துடும். நான் எந்திரிச்சு நானே பேசிக்கிறேன்."

சரி என்றேன். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது. நான் சரி என்று சொன்னது.

ஜெனிபர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவன் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தான், சொல்லவில்லை. கண் திறந்தபடி இருந்தது. நான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார்கள். கால் மணி நேரம் போராடினார்கள். பிறகு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே நீட்டியிருந்த காலைப் போர்வையால் மூடினேன். மூட மூட வெளியே வந்துகொண்டே இருந்தது. ஜெனிபர் மருந்துப் பையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். செத்துப் போய்விட்டான், காளி.

குழுவில் எழுதிவிட்டேன்.

அர்த்தனாரி


ஆலத்தூர் நாடு
6 செப்டம்பர் 2024

அர்த்தனாரி,

தகவல் கிடைத்தது.

செம்மேட்டுக்கு மருந்து வாங்கப் போனவன் தபால் ஆபீஸில் எட்டிப் பார்த்தேன். உன் கடிதம் வந்திருந்தது. அங்கேயே நின்றபடி பிரித்தேன். பார்சல் எடை போடுகிற மேடைமேல் உட்கார்ந்துவிட்டேன். ராணுவத்தில் அழாததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஐந்து நாடு கேட்க அழுதேன் என்று எழுதலாம். ஆனால் சத்தமே வரவில்லை, மாப்ளே. மூக்கு மட்டும்தான் ஒழுகியது.

பதினைந்தாம் தேதி ஞாயிறு திருச்சிக்கு வருகிறேன். பையைப் பாவாயியே கட்டிவிட்டாள். அவளும் வருகிறாள். நீ சேலத்திலிருந்து வந்து ஜெனிபர் வீட்டு வாசலில் நில். நான் தனியாக உள்ளே போக மாட்டேன், நீயும் தனியாகப் போகக் கூடாது.

எடை மேடைமேல் உட்கார்ந்திருந்தபோது போஸ்ட்மாஸ்டர் பூபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"ஏனுங்க மேஜர், என்னாச்சுங்க? லெட்டர்ல என்னங்க?"

"என்ர கூட்டாளி ஒருத்தன் செத்துப் போயிட்டானுங்க. ஜோசப்புன்னு."

"அடக் கடவுளே. எப்பங்க?"

"இப்பத்தானுங்க" என்றேன்.

காளி